நீறாத சுண்ணாம்பு

கடலோரத்து மடம், காத்து வாங்கிட்டு நிம்மதியா கிடக்கலாம்னு நினைச்சுத்தான் எல்லாரும் எங்க மடத்துக்கு வர்றாங்க. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதும் அவங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். கிழக்கே கடல், மேற்கே உப்பளம். நடுவுல தோண்டின கிணத்துல வேற என்ன ஊறும்?

என் பேரு சொர்ணத்தாய். மடத்துல சமையல். அந்தக் கிணத்துத் தண்ணியிலே துவரம்பருப்பைப் போட்டா காலையிலே ஏத்தினது மத்தியானமும் நறுக்கு நறுக்குனு கிடக்கும். பருப்பு வேகலைன்னாலும் திட்டு மட்டும் எனக்குப் பக்குவமா வெந்து வரும். அதனால எங்களுக்கு மழைத்தண்ணிதான் எல்லாம். பின்கட்டுல தரைக்குள்ள ஒரு தொட்டி இருக்கு. ஐப்பசி கார்த்திகையிலே ஓட்டுத் தண்ணி இறங்கி அது நிறைஞ்சா அடுத்த ஐப்பசி வரைக்கும் கவலை இல்லை. போன வருஷம் அதுல வெடிப்பு விழுந்து, நிறைஞ்ச தண்ணியெல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள போயிருச்சு. அன்னையிலேருந்து பஸ் ரோட்டுக் குழாய்க்கும் மடத்துக்கும் குடத்தோட நடக்கிறது நான்தான்.

மடத்துக் குரு தவசிச் சாமிகிட்ட தீர்த்துச் சொல்லிட்டேன். இந்த மழைக்குள்ள தொட்டியைப் பூசலைன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன், அப்புறம் உங்க சிஷ்யங்க பருப்பை அப்படியே கடிச்சுக்கிடட்டும்னு.

"பூசிருவோம்க்கா"ன்னாரு சாமி.

தவசிச் சாமி என்னைவிட சின்னவர். சிஷ்யங்கள்லயும் பாதிப் பேர் அவரைவிட மூத்தவங்கதான். படிப்புன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. ஆனா அவர் சொல்ற ரெண்டு வார்த்தை ஆளைத் தூங்கவிடாது. அதுக்காகத்தான் இந்த உப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இத்தனை பேர் கிடக்காங்க. நானும் வேற எதுக்கு இங்க இருக்கேன்?

எங்க மடத்துல ஒரு வழக்கம் உண்டு. மடத்தை ஏற்படுத்தின பெரியவர் வச்சது. ஒரு வேலை நடக்கும்போது சிஷ்யன் யாராவது அதைப் பத்திக் கேள்வி கேட்டுட்டா, குரு பதில் சொல்ற வரைக்கும் அந்த வேலை நிக்கணும். எடுத்த கை எடுத்தபடி. செய்யிறதைத் தெரிஞ்சு செய்யட்டும்னு பெரியவர் நினைச்சிருப்பாரு. நல்ல எண்ணம்தான். ஆனா அவர் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லைபோல.

ஒரு தடவை நான் அப்பளம் பொரிக்கையிலே கண்டக்டர் சங்கிலி வந்து நின்னாரு. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆகி வந்த சிஷ்யர். அப்பளம் எண்ணெயிலே விழுந்ததும் ஏன் பெரிசாகுதுன்னு கேட்டுட்டாரு. சட்டியிலே அப்பளம் மிதக்குது, நான் கரண்டியைத் தூக்கின கையோட நிக்கிறேன். நல்லவேளை சாமி பக்கத்துல இருந்தாரு. "அதுக்கும் பசிக்கும்ல"ன்னாரு. அப்பளத்துக்கு என்ன பசின்னு சங்கிலி ஒரு வாரம் யோசிச்சாரு. நான் அப்பளத்தைக் கருகாம எடுத்துட்டேன். சாமி எப்பவும் அப்படித்தான். அடுப்பைப் பாத்துப் பதில் சொல்லிருவாரு.

புரட்டாசி கடைசியிலே கொத்தனார் அற்புதம் வந்து தொட்டிக்குள்ள இறங்கிப் பாத்தாரு. சிமெண்டு இந்த உப்புக் காத்துக்கு நிக்காது, போன தடவை பூசினது பாளம் பாளமா வந்துருச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்புதான் பிடிக்கும்னு சொல்லிட்டு, சூளையிலே சுட்ட சுண்ணாம்பை மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து பின்கட்டுல இறக்கினாரு.

"சீக்கிரமா தாளிச்சு வச்சிருங்க. ஆறினதும் சொல்லிவிடுங்க, நான் வந்து பூசித் தாரேன்"னாரு.

தாளிக்கிறதுன்னா கடுகு நான் தரணுமான்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, தண்ணி ஊத்தினதும் சடசடன்னு பொரிஞ்சு கொதிக்கும், அதனால அவங்க ஆளுங்க அப்படித்தான் சொல்றதுன்னாரு. ஈரக்காத்து பட்டா சுண்ணாம்பு தானா மாவாகி வீணாப் போயிரும், அப்புறம் தொட்டியிலே பிடிக்காது, நாள் கடத்தாதீங்கன்னும் சொல்லிட்டுப் போனாரு.

சிஷ்யங்க குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டினாங்க. பெரிய அண்டாவுல கிணத்துத் தண்ணியை நிறைச்சுக் குழி மேட்டுல வச்சாங்க. எனக்கு மனசு அப்பவே நிறைஞ்சுருச்சு. சாமி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு.

"எங்க ஊர்ல இதை நீத்துறதும்பாங்க. வாங்க, நீத்திருவோம்"னாரு.

அப்பத்தான் புலவர் பூதலிங்கம் கையைத் தூக்கினாரு.

புலவரைப் பத்திச் சொல்லணும். தமிழ் வாத்தியாரா இருந்து ஓஞ்சவர். கேள்வி கேட்டு, பதில் சரியில்லைன்னு மூணு மடத்துலேருந்து பெட்டியைக் கட்டிட்டு வந்தவர்னு பேரு. சித்திரையிலே எங்க மடத்துக்கு வந்தாரு. வந்ததுலேருந்து வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. சாயங்காலம் பாடுவாரு. அந்தக் குரலைக் கேட்டுட்டு சாமி கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. புலவர்மேல சாமிக்கு அப்படி ஒரு பிரியம்.

"சாமி, நீற்றுதல்னு சொன்னீங்களே. அந்தச் சொல் எங்கேருந்து வந்தது?"

எல்லாரும் கையிலே இருந்ததைக் கீழே வச்சுட்டாங்க. நானும் சாமி மூஞ்சியைப் பாத்தேன். அப்பளத்துக்குச் சொன்ன மாதிரி ஒண்ணைச் சொல்லிருவாருன்னு இருந்தேன். சாமி வாயைத் திறந்தாரு. அப்புறம் மூடிக்கிட்டாரு.

புலவர் விவரம் சொன்னாரு. இதே கேள்வியை மூணு மடத்துலயும் கேட்டிருக்காரு. முதல் மடத்து குரு, நீ இறு, அதாவது நான்கிற நினைப்பு செத்துப்போகணும், அதான் நீறுன்னு சொன்னாராம். "அது உபதேசம், பதில் இல்லை"ன்னு சொல்லிட்டுப் புலவர் கிளம்பிட்டாரு. ரெண்டாவது மடத்துல, தண்ணி ஊத்துறதால நீர்ங்கிறதுலேருந்து வந்ததுன்னாங்களாம். அடுப்புல மிஞ்சுற சாம்பலுக்கும் நீறுன்னுதான் பேரு, அதுல யாரு தண்ணி ஊத்தினான்னு இவர் கேட்டிருக்காரு. மூணாவது மடத்துல, அந்தச் சாம்பல்தான் மூலம், நெருப்புல வெந்து மிஞ்சுறது நீறுன்னாங்களாம். அதுக்கும் இவர் விடலை. சூளையிலே வெந்து வந்த சுண்ணாம்பை யாரும் நீறுன்னு சொல்றதில்லை, தண்ணி பட்டு மாவா உதிர்ந்த பிறகுதானே அது நீறுன்னு கேட்டிருக்காரு. அங்கேயும் பெட்டியைக் கட்டியாச்சு.

"தண்ணின்னா சாம்பல் இடிக்குது. நெருப்புன்னா சுண்ணாம்பு இடிக்குது. எதுதான் சாமி?"ன்னாரு.

கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுதானே கொடுமை. சாமி குழியைப் பாத்தாரு, அண்டாவைப் பாத்தாரு, புலவரைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுட்டு உள்ள போயிட்டாரு.

அன்னைக்குப் பதில் வரலை. மறுநாளும் வரலை. சுண்ணாம்பு குழியிலே கிடக்கு, அண்டாவுல தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இருக்காது. யாராவது கால் தவறி அண்டாவை இடிச்சுச் சாய்ச்சுரக் கூடாதான்னு நானும் ஒவ்வொருத்தரையா பாத்தேன். என்னைக்கும் இல்லாம எல்லாரும் பாத்துப் பாத்து நடந்தாங்க.

சாமி பேசாம இருக்காருங்கிறது வெளியே பரவிருச்சு. உப்பளத்து ஆளுங்க வாழைப்பழத்தோட வந்து பாத்துட்டுப் போனாங்க. சாமி ஏதோ பெரிய நிலைக்குப் போயிட்டாருன்னு ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. சங்கிலிக்கு அதுல ஒரு யோசனை வந்துச்சு. இந்த மௌனமே பதில்தான், சாமி சொல்லியாச்சு, நாம தண்ணியை ஊத்தலாம், ரைட் போலாம்னாரு. எனக்கு அவர்மேல இருந்த அப்பளக் கோபம் அப்பவே போயிருச்சு. ஆனா புலவர் ஒத்துக்கிடலை.

"மௌனம் எந்தக் கேள்விக்கும் பொருந்தும். எல்லாத்துக்கும் பொருந்துற பதில் எனக்கு வேண்டாம்"னாரு.

நான் தார்ப்பாயை எடுத்துச் சுண்ணாம்பை மூடினேன். தினமும் ஓரத்தைத் தூக்கிப் பாப்பேன். ஓரத்துக் கிளிஞ்சலெல்லாம் தொட்டா மாவா உதிர ஆரம்பிச்சுருச்சு. உள்ள இருக்கிறது இன்னும் கெட்டியாத்தான் இருந்துச்சு. அற்புதம் ஆள் அனுப்பினாரு, எப்ப வரட்டும்னு. சொல் எங்கேருந்து வந்ததுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம், கிடைச்சதும் சொல்றோம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சாமிக்கு உடம்புக்கு முடியலைன்னு சொல்லி அனுப்பினேன்.

தெக்கே மேகம் கட்ட ஆரம்பிச்சது. காத்துல ஈரம் வந்துருச்சு. நான் என் சேலையை எல்லாம் மடிச்சுப் பையிலே வச்சேன். வைக்கும்போது அழுகை வந்துச்சு. தண்ணிக்காகக் கூட இல்லை. இப்படி ஒரு சாமியை விட்டுட்டுத் தம்பி பொண்டாட்டிகிட்ட போய் நிக்கணுமேன்னுதான் அழுதேன்.

மத்தியானம் சாமி சாப்பிட வரலை. தேடிக்கிட்டுக் கடற்கரைக்குப் போனேன். தூரத்துல சிஷ்யங்க நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. சாமி மணல்ல குனிஞ்சு உக்காந்திருந்தாரு. தியானமாம். நான் கிட்ட போய் எட்டிப் பாத்தா, விரலால மணல்ல நீர்னு ஒண்ணு எழுதியிருக்காரு, நீறுன்னு ஒண்ணு எழுதியிருக்காரு. ரெண்டையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருக்காரு. எங்க தெரு ராமையா பையன் கணக்குப் பரீட்சைக்கு உக்காந்த மாதிரி இருந்துச்சு.

"சாமி, உங்களுக்குப் பதில் தெரியுமா, தெரியாதா?"

அவர் நிமிரலை. மணலைத் தட்டி எழுத்தை அழிச்சாரு.

"ஒரு பதில் வச்சிருக்கேன்க்கா"ன்னாரு. "நெருப்பு கேள்வி, தண்ணி பதில். ரெண்டும் சேந்து அடங்குற இடம் நீறு. எப்படி இருக்கு?"

எனக்குப் புல்லரிச்சுருச்சு. கையை நீட்டிக் காட்டினேன்.

"புல்லரிக்குதுல்ல? அதுல ஒண்ணுமே இல்லைக்கா. நேத்து கால் கழுவும்போது தோணிச்சு."

"இருக்கட்டும் சாமி. அதைச் சொல்லிருங்க."

"பொய்க்கா."

"நல்ல பொய்யாத்தானே இருக்கு. புலவரே ஒத்துக்கிடுவாரு. சொல் எங்கேருந்து வந்தா என்ன, நமக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

புலவரும் ஒத்துக்கிடுவாருன்னுதான் பயமா இருக்குன்னாரு சாமி. ஏன் இத்தனை நாள் பேசாம இருந்தீங்க, தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். இந்த மடத்துல அந்தப் பதிலை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலைன்னாரு. அப்புறம் குரல் இறங்கிருச்சு.

"புலவர் பெட்டியைக் கட்டிருவாரேக்கா."

அந்த மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு அவர்மேல இருந்த கோபமெல்லாம் இரக்கமாப் போச்சு. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கலை. புலவரும் போகக்கூடாது, தொட்டியும் பூசணும், அதுக்கு உங்க கால் கழுவின பதில்தான் ஒரே வழி, மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சாமி பின்கட்டுக்கு வந்தாரு. எல்லாரும் கூடிட்டாங்க. மேகம் தலைக்கு மேல வந்துருச்சு. புலவர் குழியோரமா வந்து நின்னாரு. மூணு மடத்துல நின்ன மாதிரியே நின்னிருப்பாரு, கைகட்டி, கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சு. நான் தார்ப்பாயை இழுத்து எடுத்தேன். குலசாமியை வேண்டிக்கிட்டேன். சாமி அந்தப் பொய்யை நல்லபடியாச் சொல்லணும், நடுவுல திக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

"புலவரய்யா"ன்னாரு சாமி.

"சொல்லுங்க சாமி."

சாமி என்னை ஒரு தடவை பாத்தாரு. சொல்லுங்க சொல்லுங்கன்னு நான் கண்ணாலயே கெஞ்சினேன்.

"தெரியாது"ன்னாரு.

நான் தலையிலே கை வச்சுட்டேன். சங்கிலி மட்டும் மெல்ல, இது பதில் கணக்குல வருமா, வராதான்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டாரு. கேட்டது கேள்வியாயிருச்சேன்னு அவரே வாயைப் பொத்திக்கிட்டாரு.

சாமி அதையெல்லாம் கவனிக்கலை. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அண்டாகிட்ட போனாரு. பதில் சொல்லியாச்சு, இனி வேலைதான்கிற மாதிரி குனிஞ்சு அதோட ரெண்டு பக்கத்துக் காது வளையத்துலயும் கையைக் கொடுத்துத் தூக்கினாரு. அண்டா அசையலை. இன்னொரு தடவை தம் கட்டினாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுச்சு. தண்ணி தளும்பி அவர் காலைத்தான் நனைச்சுச்சு, குழிக்குள்ள ஒரு சொட்டுப் போகலை. பிடிக்கப் போகலாமா, கூடாதான்னு தெரியாம சிஷ்யங்க எல்லாம் புலவரையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கேள்வி அவரோடது. தெரியாதுங்கிறதும் பதில்தான்னு அவர் ஏத்துக்கிட்டாத்தான் கை நகரும்.

புலவர் அசையாம நின்னாரு. அவர் பெட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். போய் எடுத்துக் கொடுத்துரலாமான்னுகூட ஆத்திரத்துல நினைச்சேன். அப்புறம் அவர் மூஞ்சியைப் பாத்தேன். கட்டின கையைப் பிரிச்சாரு. தோள்ல கிடந்த துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. மழை இன்னும் விழலை, அது மழையில்லை.

"சாமி"ன்னாரு. "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒரு பையன் வகுப்புல இதைக் கேட்டான். ஏதோ ஒண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லி உக்கார வச்சேன். அவனும் எழுதிக்கிட்டான். எனக்கும் தெரியாது சாமி."

சாமி அண்டாவை விட்டு நிமிர்ந்தாரு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, புலவரைப் பாத்துச் சொன்னாரு.

"அப்ப அந்தக் காதைப் பிடிங்க. ஒருத்தரா தூக்க முடியலை."